பின் ஆக்ஸில் புஷ்: ஏழு மாதத்தில் இரண்டு முறை மாற்றிய அனுபவம்

மச்சான் நேற்று போன் செய்து, என் வண்டி மாடலிலேயே செகண்ட் ஹேண்டில் ஒன்று வந்திருக்கிறது, எடுக்கலாமா என்று கேட்டான். அரை மணி நேரம் பேசியும் பின் ஆக்ஸில் புஷ்ஷைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. பின் ஆக்ஸிலை வண்டியின் பாடியோடு இணைக்கும் இடத்தில் இடமும் வலமும் ஒவ்வொன்றாக இருக்கும் ரப்பர் உருளைதான் இந்த புஷ், நடுவில் ஒரு இரும்புக் குழாய், அதற்குள் ஒரு போல்ட். சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

2010 மாடல் டீசல் ஹேட்ச்பேக், 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜினிலும் ஏசியிலும் ஒரு குறை சொல்ல முடியாது. தண்டையார்பேட்டையிலிருந்து மணலிக்கு தினமும் போய் வருகிறேன். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கும் முன்பு டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) தோண்டிக் கிடந்த காலம் முழுக்க இதே வண்டிதான், இப்போது எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, அவை அழுத்திக் குழியாக்கிய தார் மேல் ஓடுகிறது.

போன வருடம் பின்னால் ஒரு 'தொம்' சத்தம் ஆரம்பித்தது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது இல்லை, இறங்கும்போது. அப்புறம் லேன் மாறினால் முன்பக்கம் திரும்பிய பிறகு பின்பக்கம் தனியாக ஒரு அசைவு அசைந்து வந்து சேரும். ஷாக் அப்சார்பர் போயிருக்கும் என்றார்கள், மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் நானே பட்டறையில் வண்டிக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில், அதாவது பிட்டில், இறங்கி டார்ச் அடித்தேன். இடது புஷ்ஷின் ரப்பர் பாதி வட்டத்துக்குக் கிழிந்திருந்தது, கடப்பாரை வைத்து நெம்பினால் ஆக்ஸில் முன்னும் பின்னும் போய் வந்தது.

வழக்கமான பட்டறையில் இரண்டு பக்கமும் புதுசு போட்டார்கள். ஏழே மாதத்தில் மறுபடியும் அதே தொம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த மெக்கானிக் கிளட்ச் வேலையில் கெட்டிக்காரர், காசிலும் நியாயமானவர், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வேலையைக் கெடுத்தார்.

வியாசர்பாடியில் இன்னொரு அண்ணனிடம் கொண்டுபோனபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "போன தடவ போல்ட்ட டைட் பண்ணப்போ வண்டி தரையில நின்னுச்சா, ஜாக்கியில தொங்குச்சா?" தொங்கியது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். புஷ்ஷின் உள் குழாயை அந்த போல்ட் இறுக்கிப் பிடித்துவிடும், பிறகு ஆக்ஸில் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான் நடக்கிறது. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் முறுகிய நிலையில் நிற்கும். நம் சாலையில் அது எத்தனை நாள் தாங்கும்? போல்ட்டை லூசாக மாட்டி, வண்டியைச் சக்கரத்தின் மேல் நிறுத்தி, முழு எடையும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு. இதற்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் போதும்.

பழைய புஷ்ஷைக் கழற்றும் முன் அவர் பெயின்ட் மார்க்கரால் கோடு போட்டார். ரப்பரில் இருக்கும் இடைவெளி எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்று கணக்கு உண்டு, பிரஸ் மெஷினில் அழுத்தி ஏற்றும்போது அது மாறினால் புது புஷ்ஷும் வீண். வழுக்கலுக்கு கிரீஸ் தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவினார், கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். கடல் காற்றில் துருவேறி உள் குழாயோடு ஒட்டிப்போன போல்ட்டைக் கழற்றத்தான் பாதி நாள் ஆனது.

அதன்பின் நான்கு சக்கரத்துக்கும் அலைன்மென்ட் பார்த்தேன். இந்த ஆக்ஸிலில் பின்பக்கம் திருப்பி சரிசெய்ய எதுவும் இல்லை, ஆனாலும் பின் சக்கரங்களின் அளவையும் கேட்டு வாங்குங்கள், ஆக்ஸில் கோணலாக உட்கார்ந்திருந்தால் அதில்தான் தெரியும்.

இப்போது மணலி எம்.எஃப்.எல். சந்திப்பில் அறுபதில் போனாலும் பின்பக்கம் அலையவில்லை. இப்படி ஒரு வண்டியை நான் விற்கவே மாட்டேன். மச்சானிடம் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இந்த வேலையைச் சரியாகச் செய்யும் ஆளை அவன் ஊரில் எங்கே போய்த் தேடுவான்? எடுத்தே தீருவேன் என்று அவன் நின்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பிட்டில் ஏற்றி நெம்பிப் பார்க்க வேண்டும், நானும் கூட வருகிறேன்.