போர்டிகோவுக்கு தூண் வெக்கறவங்க பல்லடம் ரோட்டு பட்டறைக்கு ஒருக்கா போய்ட்டு வாங்க

திருப்பூர்ல வீடு கட்டி, போர்டிகோவுக்கு ரோமன் தூண் வெக்கலாம்னு மொதல்ல வேற ஒரு எடத்துல 4 தூண் எடுத்தனுங்க, அடியிலிருந்து நுனி வரைக்கும் ஒரே சுத்தளவு, பிவிசி பைப்பை நட்டு வெச்சாப்ல இருந்துச்சு, காசு போனதுகூட பரவால்லீங்க, தெனமும் அதைப் பாத்துட்டு ஊட்டுக்குள்ள நுழையறதுதான் கஷ்டமா இருந்துச்சு. எல்லாத்தையும் கழட்டிட்டு அப்பறம்தான் இந்தப் பட்டறைக்குப் போனேன்.

இங்க இருக்கற அண்ணன் கேட்லாக்கைத் தொறக்கவே இல்ல. உயரம் எத்தன, உள்ள பாரம் தாங்கற காங்கிரீட் தூண் எத்தன இஞ்ச்னுதான் மொதல்ல கேட்டாரு, இவங்க தூண் அதைச் சுத்தி மாட்டற ஓடுதானுங்க. 10 அடி, உள்ள 9 இஞ்ச் உருண்டைன்னேன். டோரிக், அயோனிக், கொரிந்தியன்னு தூண்ல வகை இருக்குதுங்க, எனக்கு தலையில இலை வெச்ச கொரிந்தியன் மேலதான் ஆசை. பேப்பர்ல கணக்கு போட்டுக் காட்டுனாருங்க, 1562ல இத்தாலி கட்டடக் கலைஞர் விக்னோலா போட்ட அளவுப்படி தூணோட அடி விட்டத்துக்கு டோரிக் 8 மடங்கு உயரம், அயோனிக் 9, கொரிந்தியன் 10. அப்ப 10 அடிக்கு கொரிந்தியன் 12 இஞ்ச்தான் வரும், மேல போகப்போக ஆறுல ஒரு பங்கு கொறைஞ்சு 10 ஆயிரும், காங்கிரீட்டைச் சுத்தி அரை இஞ்ச் ஓடுதான் மிச்சம், வெடிச்சு போயிரும்ங்க. டோரிக்னா கீழ 15, மேல 12.5, தாராளம். ஆசையை விட்டுட்டேன்.

ரெண்டு சாம்பிள் குடுத்து தடவிப் பாருங்கன்னாரு. டோரிக்ல தூணைச் சுத்தி மேலிருந்து கீழ வரைக்கும் 20 பள்ளம், ரெண்டு பள்ளம் சேர்ற ஓரம் கத்தியாட்ட கூரா இருக்குது. அயோனிக்ல 24, நடுவுல சித்த பட்டையா எடம் விட்டிருக்குது. இத்தன நாளா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருந்தேன்! கிரேக்கத்து டோரிக்குக்கு அடிபீடமே கெடையாது, ஏதென்ஸ்ல இருக்கற பார்த்தினான் கோயில்ல நேரா மேடை மேலயே நிக்குது, ஆனா நம்ம வாசல் தெனமும் தண்ணி ஊத்திக் கழுவற எடம், ரோமன் மாதிரி பீடம் வெச்சுக்கலாம்னாரு.

தூணுக்கு மேல மூணு அடுக்கு, கீழ உத்தரமாட்ட ஆர்க்கிட்ரேவ், நடுவுல பட்டையா ஃப்ரீஸ், உச்சியில வெளிய நீட்டிட்டு இருக்கற கார்னிஸ். கார்னிஸை நல்லா வெளிய நீட்டி, அடியில காடி எடுத்துக் குடுத்தாங்க, பேரூர் கோயில்ல வெளிய வளைஞ்சு நீட்டிட்டு இருக்கற கல் கொடுங்கை மாதிரிதான், மழத்தண்ணி செவுத்துல வழியாம தள்ளிப் போய் சொட்டிரும். ஐப்பசி மழைக்கு ஒரு கறை விழல.

கொறைன்னா, வண்டியில வரும்போது ரெண்டு தூண்ல அந்தக் கூர் ஓரம் ஒடஞ்சிருச்சு, பூசிக் குடுத்தாங்க, ஆனா மூணு தடவ போன் பண்ண வேண்டியதா போச்சு. ரேட்டும் சித்த சாஸ்திதான். எறக்கும்போது கூடவே நின்னு ஒவ்வொரு ஓரமாப் பாத்துட்டு பொறவு கையெழுத்து போடுங்க.