தரையில் பாடும், மேலே போனால் திணறும்: 46 க்ளோ இன்ஜினோடு சில சீசன்கள்

46 சைஸ் டூ-ஸ்ட்ரோக் க்ளோ இன்ஜின் (0.46 கன அங்குலம், சுமார் 7.5 சிசி) ரிமோட்டில் பறக்கும் மாதிரிப் பயிற்சி விமானத்துக்கு இன்றைக்கும் நல்ல தேர்வு. 11x6 அங்குல ப்ராப் (சுழல்விசிறி), 300 மில்லி டாங்க், 10 முதல் 15 சதவீதம் நைட்ரோமீத்தேன் (நைட்ரோ) கலந்த மெத்தனால் எரிபொருள் போதும். நீண்ட நாள் ஓட்டியதில் தெரிந்தது ஒன்று: இந்த இன்ஜின் வானில் மக்கர் பண்ணினால் கோளாறு பெரும்பாலும் இன்ஜினில் இல்லை, டாங்கில்தான் இருக்கும். ஆனால் எல்லோருடைய கையும் முதலில் போவது நீடிலுக்கு, அதாவது எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகுக்கு!

நீடிலையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டியதுதான். பறக்கும்போது ப்ராப் மீதுள்ள சுமை குறைந்து ஆர்பிஎம் ஏறும், எரிபொருள் தேவையும் கூடும். தரையில் உச்ச வேகத்துக்கு முறுக்கி வைத்தால் மேலே லீன் ஆகிவிடும், அதாவது கலவையில் எரிபொருள் குறைந்து காற்று கூடிவிடும். முழு த்ராட்டிலில் உச்சம் பிடித்து, அங்கிருந்து 300 ஆர்பிஎம் குறையும்வரை நீடிலைத் திறந்து விடுங்கள். பிறகு ஒருவர் விமானத்தை மூக்கு மேலே பார்க்கப் பத்து விநாடி பிடிக்கட்டும். சத்தம் லேசாக ஏறினால் சரி. இறங்கினால் இன்னும் இரண்டு க்ளிக் திறக்க வேண்டும். நீடிலைத் தொடும் கை எப்போதும் ப்ராப்புக்குப் பின்னால் இருக்கட்டும்.

இதற்குப் பிறகும் திணறினால் நீடிலை விட்டுவிட்டு, எப்போது திணறுகிறது என்று கவனியுங்கள். டாங்க் நிறைய இருக்கும்வரை சமர்த்தாக ஓடி, பாதி தீர்ந்ததும் லீன் ஆகிறதா? டாங்கினுள் இருக்கும் சிலிக்கான் ட்யூபில் ஊசித்துளை இருக்கலாம். எரிபொருள் மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். ரப்பர் அடைப்பானைக் கழற்றி, பித்தளைக் குழாயின் விளிம்பில் ட்யூப் மாட்டியிருக்கும் இடத்தை விரலால் வளைத்துப் பாருங்கள். நேராக இருக்கையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வளைத்தால் வாய் திறக்கும். ஒட்டுப் போட்டுப் பயனில்லை, ட்யூபையே மாற்றிவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் இந்தத் தலைவலியே வராது.

மட்டமாகப் பறக்கையில் ஒழுங்காக ஓடி, ஏறும்போது மட்டும் அணைந்தால் க்ளங்க் மீது (டாங்கினுள் ட்யூபின் நுனியில் எரிபொருளை உறிஞ்சும் எடைக்குண்டு) சந்தேகப்படலாம். மூக்கு குத்தி இறங்கிய பிறகு ட்யூப் மடங்கி, க்ளங்க் முன்பக்கமே சிக்கிக்கொள்ளும். ஏறும்போது எரிபொருளோ பின்னால் ஓடிவிடும். க்ளங்க் டாங்கின் பின்சுவரைத் தொடாமல் 6 மிமீ தள்ளி, தாராளமாக ஆட வேண்டும்.

முழு த்ராட்டிலில் எரிபொருள் ட்யூபில் குமிழ் ஓடினால், துளை இல்லாதபட்சத்தில் அது நுரை. டாங்க் பிளைவுட்டில் நேரடியாக உரசி அதிர்கிறது என்று அர்த்தம். சுற்றிலும் ஸ்பாஞ்ச் வையுங்கள். டாங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் ஸ்ப்ரே பார் (எரிபொருள் வெளிவரும் குழாய்) மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும்.

மஃப்ளர் (சைலன்சர்) போல்ட் தளர்ந்தால் அங்கிருந்து டாங்குக்குப் போகும் புகை அழுத்தம் குறைந்து லீன் ஆகும். இணைப்பில் கறுப்பு எண்ணெய்க் கோடு தெரிந்தால் சூட்டோடு ஒருமுறை இறுக்குங்கள்.

க்ளோ பிளக் (எரிபொருளைப் பற்றவைக்கும் கம்பிச்சுருள்) வெளியே எடுத்துப் பேட்டரி கொடுத்தால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று எரியும், ஆனாலும் நம்ப முடியாது. இன்ஜின் கிளம்பியபின் பேட்டரி கிளிப்பைக் கழற்றியதும் ஆர்பிஎம் சட்டென்று விழுந்தால், கலவை ரிச் (எரிபொருள் அதிகம்) இல்லாதபட்சத்தில் பிளக்கை மாற்றுவதே மலிவான வைத்தியம்.

எரிபொருள் கேன் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூடி சரியாகப் போடாமல் மழைக்காலம் முழுக்கக் கிடந்த அரை கேனை வைத்து ட்யூன் பண்ணினால், காலையில் வைத்த நீடில் மாலையில் நிற்காது.

முதல் நான்கு நிமிடம் நன்றாக ஓடி, பிறகு மெல்ல மெல்ல வேகம் குறைந்து, ஆறியதும் பழையபடி ஓடினால் அது சூடு. கவுலிங்கில் (இன்ஜினை மூடும் முன்பகுதி உறை) காற்று வெளியேறும் வழி, நுழையும் வழியைப்போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும்.

இன்ஜினைக் கடைசியாகச் சந்தேகப்படுங்கள். பிளக்கைக் கழற்றி ப்ராப்பைக் கையால் சுற்றினால் நறநறவென்றிருக்கிறதா? பேரிங் துருப்பிடித்திருக்கிறது. பறந்து முடிந்ததும் எரிபொருள் ட்யூபைக் கழற்றி, மிச்ச எரிபொருள் தீர்ந்து இன்ஜின் தானே நிற்கும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் வழியே நாலு சொட்டு ஆஃப்டர்-ரன் ஆயில் (துரு தடுக்கும் எண்ணெய்) விட்டுச் சுற்றி வைத்தால் பேரிங் பல சீசன் தாங்கும்.