கிருஷ்ணகிரி மாம்பழத்தின் பெயரில் ஒரு போலிக் கோதுமை பீர்: புதுச்சேரி போகும் நம் ஊர்க்காரர்கள் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்திலிருந்து விடுமுறைக்குப் புதுச்சேரி போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் இருக்கும் மதுக்கூடத்தில், ‘கிருஷ்ணகிரி மாம்பழக் கூழ் சேர்த்து, இங்கேயே காய்ச்சிய, வடிகட்டாத கோதுமை பீர்’ என்று வாசலில் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள். உள்ளே கொடுப்பது டின்னில் வரும் சாதாரண பீர். அதில் மாம்பழ எசன்ஸைக் கலக்குகிறார்கள். கலப்பதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு கிளாஸ் 450 ரூபாய். அளவிலும் குறைவு, பில்லிலும் கூடுதல். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. அந்த ஊரில் ஒழுங்காகக் காய்ச்சி ஒழுங்காக ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்துச் சந்தேகப்பட வைப்பது என் நோக்கம் இல்லை.

நாங்கள் போனது மூன்று பேர். நான், காவேரிப்பட்டணம் பக்கத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் பெரியப்பா மகன், ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர். நண்பருக்குப் பெங்களூருவில் அங்கங்கே காய்ச்சி விற்கும் கிராஃப்ட் பீர் கடைகள் நல்ல பழக்கம். ஊத்தங்கரை, திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். பலகையில் நம் மாவட்டத்தின் பெயரைப் பார்த்ததும் அண்ணனுக்கு முகம் மலர்ந்தது. “நம்ம ஊர்ப் பழம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே தம்பி, பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்” என்றார். அந்த ஆசையைத்தான் அந்தக் கடை காசாக்குகிறது.

கோதுமை பீர் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் ஏமாற்று புரியும். கேழ்வரகை நனைத்து முளைகட்டி உலர்த்துவதுபோலக் கோதுமையையும் பார்லியையும் முளைகட்டி உலர்த்துவதுதான் மால்ட். ஜெர்மனியின் ‘வைஸ்பியர்’ வகையில் மால்ட்டில் பாதிக்குக் குறையாமல் கோதுமை இருந்தாக வேண்டும். முழுவதும் கோதுமையைப் போட்டால் வடிப்பது பெரும்பாடு. கோதுமைக்கு உமி இல்லை, பார்லியின் உமிதான் பாத்திரத்துக்குள் வடிகட்டியாக நின்று சாற்றை இறங்க விடுகிறது. இந்த வகைக்கென்று தனி ஈஸ்ட் உண்டு. புளிக்கும்போது அது வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் தானாகவே உண்டாக்கும். வாழைப்பழமும் போடுவதில்லை, கிராம்பும் போடுவதில்லை. பெல்ஜியத்து ‘விட்பியர்’ வேறு வழி: முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல். வடிகட்டாவிட்டால் இரண்டுமே கிளாஸில் மங்கலாகத்தான் இருக்கும், கோதுமையின் புரதமும் ஈஸ்ட்டும் அதில் மிதப்பதால். மேலே நுரை கெட்டியாக எழும்பி நெடுநேரம் நிற்கும். ‘கிறிஸ்டல்வைசென்’ என்று வடிகட்டிய தெளிவான வகை ஒன்றும் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளை யாராவது அதைக் காட்டித் தப்பித்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடையின் பலகையிலும் மெனுவிலும் ‘வடிகட்டாத’ என்றே எழுதியிருந்தது.

மாம்பழம் சேர்க்கும் பீரில் பழக்கூழைப் பெரும்பாலும் முதல் புளிப்பு அடங்கிய பிறகு ஊற்றுவார்கள். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையையும் தின்றுவிடும். மிஞ்சுவது பழத்தின் புளிப்பும் அடங்கிய மணமும்தான். தித்திப்பு மிகக் குறைவு. நம் ஊர்த் தொழிற்சாலைகளிலிருந்து கூழ் 3.1 கிலோ டின்களிலும் 215 கிலோ பீப்பாய்களிலும் போகிறது. அதில் பெரும் பங்கு பெங்களூரா, அதாவது வெளியூர்க்காரர்கள் தோதாபுரி என்று சொல்லும் பழம். பெங்களூராவின் மணம் அல்போன்சாவைப் போல எட்டி வந்து மூக்கில் ஏறாது. இதை அண்ணனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எங்களுக்கு வந்த கிளாஸைச் சொல்கிறேன். மேசைக்கு வரும் முன்பே மணம் வந்துவிட்டது, மாம்பழ மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தால் வருகிற அதே வாசனை. நிறம் பளிச்சென்ற ஆரஞ்சு. கிளாஸுக்குப் பின்னால் மெனு அட்டையைப் பிடித்துப் பார்த்தோம். விலைப் பட்டியலின் சின்ன எழுத்துகூடத் தெளிவாகப் படிக்க முடிந்தது. நுரை வைத்த வேகத்தில் அடங்கி ஓரத்தில் கோடாக ஒட்டிக்கொண்டது. வாயில் வைத்தால் முதலில் சர்க்கரைப்பாகு, பிறகு தண்ணீராக ஒரு கசப்பு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒட்டும் செயற்கைத் தித்திப்பு. வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை, கோதுமையின் மாவுத்தன்மையும் இல்லை. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். “இதில் மாம்பழமே இல்லை தம்பி.”

ஒருவேளை அந்தப் பீப்பாய் மட்டும் கெட்டிருக்கலாம் என்று நினைத்து, மாம்பழம் சேர்க்காத சாதாரணக் கோதுமை பீர் ஒன்று கேட்டோம். அதுவும் அதே தெளிவு, அதே கசப்பு. விளிம்பில் ஓர் எலுமிச்சைத் துண்டு மட்டும் செருகியிருந்தது.

நண்பர் எழுந்து போய், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் பளபளப்பான எஃகுத் தொட்டிகளைப் பார்த்தார். என்னையும் கூப்பிட்டார். அழுத்தமானிகளின் முள் எல்லாவற்றிலும் பூஜ்யத்தில் படுத்திருந்தது. வெப்பநிலை காட்டும் சின்னத் திரைகள் அணைந்து கிடந்தன. ஒரு தொட்டியின் கதவு திறந்தே இருந்தது, உள்ளே காய்ந்துபோன தரைத் துடைப்பான். குளிரிலும் அழுத்தத்திலும் பீரை வைத்திருக்கிற தொட்டி எதுவும் அங்கே இல்லை. திரும்பும்போது சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஒரு பையன் டின்களை ஒவ்வொன்றாக உடைத்து பிளாஸ்டிக் ஜக்கில் ஊற்றினான். பக்கத்தில் அழுத்தினால் பீய்ச்சும் மூடி போட்ட மஞ்சள் சிரப் பாட்டில். நீளக் கரண்டியால் கிளறி, எங்கள் மேசைக்கு வந்த அதே மாதிரிக் கிளாஸ்களில் நிரப்பினான். அவன்மீது எனக்குக் கோபம் இல்லை. சம்பளத்துக்கு நிற்கிறவன், சொன்னதைச் செய்கிறான்.

மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டோம். “கோடையில் எல்லாக் கடையிலும் இப்படித்தான் சார், தொட்டி பராமரிப்பில் இருக்கிறது” என்றார். பராமரிப்பில் இருந்தால் பலகையை எடுத்திருக்க வேண்டும், அல்லது விலையைக் குறைத்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் பழைய விலைக்கே விற்பதைப் பராமரிப்பு என்று சொல்வதை ஏற்க முடியாது.

அடுத்தது அளவு. மெனுவில் 500 மி.லி. என்று அச்சிட்டிருந்தது. கிளாஸில் எந்த அளவுக் கோடும் இல்லை. நண்பர் காலிக் கிளாஸைக் கழுவி வாங்கி, சீல் உடைக்காத அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேலாளர் எதிரிலேயே திறந்து ஊற்றினார். கிளாஸ் விளிம்புவரை தளும்பி நின்றபோது பாட்டிலில் கால் பங்குக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது. விளிம்புவரை ஊற்றினால் இவ்வளவு. நுரைக்கு இடம் விட்டு ஊற்றினால் இன்னும் குறைவு. இந்தச் சோதனையை யாரும் செய்யலாம், சண்டை தேவையில்லை, வாக்குவாதம் தேவையில்லை. அதை அப்படியே கைபேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட அளவைவிடக் குறைத்துக் கொடுப்பது 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி குற்றம்.

பில்லைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல பீர் கொடுக்கும் இடங்களிலும் இதில் ஏமாறலாம். நான்கு கிளாஸ் 1,800 ரூபாய், சாப்பாடு 1,200 ரூபாய். அதன்மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 300 ரூபாய். பிறகு 3,300 ரூபாய் முழுவதற்கும் ஐந்து சதவீதம் ஜி.எஸ்.டி., 165 ரூபாய். மனிதர் குடிக்கும் மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 2017-இல் அந்த வரி வந்தபோதே மது அதற்கு வெளியே வைக்கப்பட்டது. மதுவுக்கு வரி போடுவது மாநில, யூனியன் பிரதேச அரசுகளின் வேலை. ஆகவே ஐந்து சதவீதம் என்பது சாப்பாட்டின் 1,200 ரூபாய்க்கு மட்டும், அதாவது 60 ரூபாய். சர்வீஸ் சார்ஜைப் பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டார்கள். ஜி.எஸ்.டி.யை மட்டும் “கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது” என்று மொத்தம் 3,000 ரூபாய்க்குப் போட்டு 150 ரூபாய் வாங்கினார்கள். நாங்கள் கொடுத்துவிட்டு, பில்லைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தோம். கொடுக்காமல் கிளம்பினால் பேச்சு வேறு திசையில் போய்விடும். பில் கையில் இருந்தால் அடுத்த வேலை நடக்கும்.

கிளம்பும்போது சப்ளையர் ஒருவர் பின்னாலேயே வந்து, ஒரு லிட்டர் பாட்டிலில் நிரப்பித் தருவதாகவும் ஊருக்கு எடுத்துப்போகலாம், யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் மெதுவாகச் சொன்னார். இதில் கட்டாயம் கவனமாக இருங்கள். புதுச்சேரியிலிருந்து மதுவை அனுமதியில்லாமல் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எல்லைச் சோதனைச்சாவடியில் பிடித்தால் வழக்கோடு வண்டியும் போகும். டி.என். 24, டி.என். 29 என்று பார்த்தவுடன் தூரத்து ஊர் வண்டி என்று தெரிந்துவிடும். அந்தச் சப்ளையருக்குப் போவது ஒன்றும் இல்லை, அகப்படுவது நாம்தான்.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறு. அண்ணன் தோப்பில் பெங்களூரா காய்த்துக் குலுங்கிய 2025-இல் விலை படுத்துவிட்டது. பறிகூலியும் வண்டிவாடகையும்கூடத் தேறாமல் ஒரு பகுதியை மரத்திலேயே விட்டார். கூழ்த் தொழிற்சாலை வாசலில் டிராக்டர்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றதை நானே பார்த்தேன். அந்தப் பழத்தின் கூழை உண்மையிலேயே வாங்கிப் பீர் காய்ச்சினால் நாலு தொட்டிக்காவது நம் ஊர்ச் சரக்கு போகும், வரவேற்போம். ஒரு டின் கூழ்கூட வாங்காமல், கிருஷ்ணகிரி என்ற பெயரை மட்டும் எடுத்துப் பலகையில் போட்டு, ரசாயன வாசனையைக் கலந்து விற்கிறார்கள். அதைக் குடித்துவிட்டுப் போகிற வெளிநாட்டுப் பயணிகளும் சென்னைக்காரர்களும் ‘கிருஷ்ணகிரி மாம்பழம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அண்ணன் திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை. ஊத்தங்கரை தாண்டிய பிறகுதான், “பெயரையாவது விட்டு வைத்திருக்கலாம்” என்றார்.

ஊர் திரும்பியதும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். தமிழிலேயே பேசினோம், புகார் எண் குறுஞ்செய்தியில் வந்தது. பலகை, மெனு, பில், தண்ணீர் ஊற்றிய வீடியோ எல்லாவற்றையும் சேர்த்தோம். கடை பதில் எழுதியது: கூடுதலாக வாங்கிய 90 ரூபாய் வரியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பீரைப் பற்றி, ‘செய்முறை நிறுவனத்தின் ரகசியம்’ என்று ஒரே வரி. மாம்பழக் கூழ் வாங்கிய ரசீது ஒன்றையாவது காட்டுங்கள் என்று நாங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்போது கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். கடை புதுச்சேரியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. மனுவில் அண்ணனும் ஒரு புகார்தாரர். நஷ்டஈட்டைவிட அந்தப் பலகையிலிருந்து ஊர்ப் பெயரை எடுக்க உத்தரவு வேண்டும் என்பதுதான் அவருடைய முதல் கோரிக்கை. அதே பலகையை நம்பி உள்ளே போன நம் மாவட்டத்துக்காரர்கள் இருந்தால், பில்லைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெயிலில் வைத்தால் அந்தத் தாளில் அச்சு மங்கிவிடும், இன்றைக்கே படம் எடுத்து வைத்துவிடுங்கள்.