கொழும்புச் சங்கங்களில் தலைமை மாறும் மூன்று வழிகள்

யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஒன்றின் கொழும்புக் கிளைப் பழைய மாணவர் சங்கம், ஊர் நலன்புரிச் சங்கம், கோயில் தொண்டர் சபை என்று எதை எடுத்தாலும் யாப்பு, அதாவது சங்க விதிகள், ஏறத்தாழ ஒன்றுதான். தலைவரைக் கொண்டுவரும் விதம்தான் வேறுபடும். மூன்று விதங்களைப் பார்த்திருக்கிறேன். பழைய குழு போய்ப் புதிய குழு வரும் அந்த ஒரு மாதத்தில் சங்கம் என்னாகிறது என்பதுதான் என் அளவுகோல்.

ஒரே தலைவர் பத்துப் பதினைந்து வருடம் இருப்பது ஒரு வழி. இதைத் திட்டுவது சுலபம். ஆனாலும் மண்டபம் பிடிக்க, பாடசாலை அதிபரோடு பேச, லண்டன் கிளையிடம் காசு கேட்க அவருடைய ஒரு ஃபோன் போதும். அவர் சுகமில்லாமல் படுத்தால் சங்கமும் படுத்துவிடும். உறுப்பினர் பதிவேடு எந்த அலுமாரியில் என்று அவர் வீட்டாரைத்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது வருடாவருடம் தேர்தல். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் போல வெள்ளவத்தையில் சொந்தக் கட்டடமும் நூலகமும் உள்ள அமைப்பென்றால் இதுதான் சரி. சொத்து உள்ள இடத்தில் கணக்குக் கேட்கும் உரிமை உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். சின்னச் சங்கங்களில் கதை வேறு. "நீங்களே இருங்கோ", "ஐயோ, எனக்கு நேரமில்லை" என்று மூன்று பேர் நழுவ, கூட்டத்துக்கே வராத நாலாமவரை முன்மொழிந்து வழிமொழிந்து விடுவார்கள். தப்பித்தவறிப் போட்டி வந்தால் தோற்ற பக்கம் அந்த வருடம் எட்டியும் பார்க்காது. பிறகு வங்கி வேலை: கூட்டறிக்கைப் பிரதி, அடையாள அட்டைப் பிரதிகள், புதிய கையொப்பங்கள். அது முடியும்வரை மண்டப முற்பணம் யாரோ ஒருவருடைய பையிலிருந்து போகும்.

மூன்றாவது ரோட்டரி கழகங்களின் முறை. அங்கே வருடம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். அடுத்த தலைவர் யார் என்பது முன்னதாகவே முடிவாகி, அவர் பக்கத்திலிருந்து வேலை பழகுவார். நம்மவர்களுக்கு இதையே சொல்வேன், ஆனால் இங்கே ஒரு சிக்கல். நமது சங்கங்களில் உப தலைவர் பதவி பெரியவர்களுக்குப் போடும் பொன்னாடை மாதிரி. ஐந்தாறு பேர் இருப்பார்கள், ஒருவரும் தலைவராக வரப்போவதில்லை. அவர்களைப் போஷகர்களாக்கிவிட்டு ஒரே ஓர் உப தலைவரை வைத்தால்தான் இந்த ஏணி நிற்கும். அதைப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்ல யாருக்குத் துணிவு?

சரி, வேலை செய்ய ஆள்? இருபது பேர் கொண்ட செயற்குழுவில் வழக்கமாக ஓடித்திரிவது நாலு பேர். வேலைக்குப் போகும் இளம் ஆட்கள் மாதக் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். கலைவிழாக் குழு, விழா மலர் அச்சிடும் குழு என்று முடிவுத் திகதி போட்டுக் கேட்டால் வருகிறார்கள். அதனால் சின்னச் செயற்குழுவும் சில உப குழுக்களும் என்பதே என் தெரிவு.

இதிலும் ஓட்டை உண்டு. மலருக்கு விளம்பரம் சேர்க்கும் பிள்ளைகள் பின்னட்டை, முழுப்பக்கம், அரைப்பக்கம் என்று கொழும்பின் காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்குவார்கள். முதலாளியும் "போடுங்கோ தம்பி, விழா முடிய வாங்கோ" என்பார். விழா முடிய உப குழுவும் கலைந்துவிடும். பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒருவரிடம், விளம்பரப் பட்டியல் இன்னொருவருடைய வட்ஸ்அப்பில். அச்சகக்காரர் பொருளாளரைத்தான் பிடிப்பார். ஆகவே உப குழுவின் கடைசி நாளாக விழா நாளைப் போடாமல், கணக்கு ஒப்படைக்கும் நாளைப் போடுங்கள். தலைவர் மாறும் வருடத்தில் பொருளாளரை மாற்றாதீர்கள். அவர் அடுத்த வருடம் போகட்டும்.