முதுகு வலிக்கென்று ஒரு யோக வகுப்பு: திருச்சி அனுபவம்

திருச்சி தில்லைநகரில், நாள்பட்ட முதுகு வலிக்கும் கழுத்து வலிக்கும் என்றே தனி வகுப்பு நடத்தும் சிறிய யோக சிகிச்சை மையம் ஒன்றில் கோடைக்கு முன்பு சேர்ந்து, இன்று வரை தொடர்ந்து சென்று வருகிறேன். குறைகளையும் எழுதவிருப்பதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே முறையில் கற்பிக்கும் வகுப்புகள் வேறு ஊர்களிலும் உண்டு. எதைப் பார்த்துச் சேரலாம், எதை எதிர்பார்த்துச் சேரக் கூடாது என்று முடிவு செய்ய இந்த மதிப்புரை உதவினால் போதும்.

சேர்ந்த அன்று எந்த ஆசனமும் கற்றுத்தரப்படவில்லை. வலி எப்போது தொடங்கியது, இரவில் அடிக்கடி விழிப்பு வருகிறதா, எவ்வளவு நேரம் நாற்காலியில் இருக்க வேண்டிய வேலை, வலிக்குப் பயந்து எந்தெந்தக் காரியங்களை நிறுத்திவிட்டீர்கள் என்று ஆசிரியை நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியாமல் போகிறதா, தொடை இடுக்கு மரத்துப்போகிறதா, காலில் வலு குறைந்துகொண்டே வருகிறதா, காய்ச்சலோ காரணம் தெரியாத எடைக் குறைவோ உண்டா என்ற கேள்விகள் தனித்தாளில் இருந்தன. அவற்றில் ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் சேர்க்கை. எனக்கு நம்பிக்கை பிறந்தது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான். வலியைக் குறைப்பதாகச் சொல்லும் எவரிடமும் நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது, யாரை அவர்கள் திருப்பி அனுப்புவார்கள் என்பதை.

கையோடு கொண்டு போயிருந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையை அவர் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். முதுகு வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்றில், 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் தேய்மானம் இருப்பதாகக் கணக்கிடப்பட்டிருப்பதைச் சொல்லி, “தேய்மானம்னு எழுதியிருக்கறதெல்லாம் வலிக்குக் காரணம்னு எடுத்துக்காதீங்க சார், நீங்க குனிஞ்சு நிமிர்றதை நான் பார்க்கணும்” என்றார். தரையில் ஒரு துண்டைப் போட்டு எடுக்கச் சொன்னார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாடையை இறுக்கி, ஒரு கையைத் தொடையில் ஊன்றி அதை எடுத்ததைக் குறித்துக்கொண்டார். முதல் மாதப் பாடம் பெரும்பாலும் அந்த மூச்சைப் பிடிக்கும் பழக்கத்தைச் சுற்றியே அமைந்தது.

ஆசிரியை கற்றது யோக ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) வழியில். அவருடைய மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976-இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தின் மூலம் பரவலாக அறியப்பட்ட வழி அது. ஆளுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவதும், ஒவ்வோர் அசைவையும் மூச்சோடு பிணைப்பதும் இதன் அடிப்படை. அபானாசனத்தையே எடுத்துக்கொள்வோம். பாயில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, அவற்றின்மேல் உள்ளங்கைகளை வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சை வெளிவிடத் தொடங்கிய பிறகே முழங்கால்கள் வயிற்றை நோக்கி வர வேண்டும். முழங்கால்கள் நின்ற பின்பும் மூச்சு கொஞ்சம் வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளிழுக்கும்போது கைகள் நீள, முழங்கால்கள் விலகிச் செல்கின்றன. பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாததுபோல் இருக்கும் இந்த அசைவைச் சில முறை செய்ததும், மூச்சு எந்த இடத்தில் திக்குகிறதோ அதே இடத்தில் இடுப்பும் இறுகுவது தெளிவாகத் தெரியும். அங்கே தள்ளக் கூடாது, அதற்குச் சற்று முன்பே திரும்பிவிட வேண்டும் என்பது வகுப்பின் விதி. அடுத்து வரும் துவிபாத பீடத்தில் இடுப்பைத் தூக்கும்போதும், தவழும் நிலையிலிருந்து குதிகாலை நோக்கிப் பின்னே சாயும்போதும் இதே விதிதான். வியர்த்து விறுவிறுத்தால்தான் உடற்பயிற்சி என்று பழகிய நமக்கு இது முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். என் பக்கத்துப் பாயில் இருந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், “இதுக்கா மேடம் பணம் கட்டினோம்?” என்று வாய்விட்டே கேட்டார், இன்றும் தவறாமல் வருகிறவர்களில் அவரும் ஒருவர்.

இந்த மெதுவான போக்குக்குக் காரணம் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியையே மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. சாதாரணத் தசைப் பிடிப்போ சுளுக்கோ அதற்குள் பெரும்பாலும் ஆறிவிடும் என்றாலும், நரம்பு மண்டலம் எச்சரிக்கை நிலையிலிருந்து இறங்காமல், சிறிய அசைவையும் ஆபத்தாகக் கருதி வலியை எழுப்பிக்கொண்டே இருக்கலாம். பயத்தில் அசையாமல் இருந்தால் தசை வலுவிழக்கிறது; பல்லைக் கடித்துக்கொண்டு அசைந்தால் அந்த எச்சரிக்கை மேலும் உறுதிப்படுகிறது. வலி எழாத எல்லைக்குள், கவனத்தோடு, திரும்பத் திரும்ப அசைவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. வீட்டுப் பயிற்சிக்கு 15 நிமிடம் என்றால், நன்றாக இருக்கும் நாளிலும் 15 நிமிடம்தான், சுமாரான நாளிலும் வேகத்தைக் குறைத்து அதே 15 நிமிடம்தான். வலி இல்லாத ஒரு நாளில் வீடு முழுவதும் ஒட்டடை அடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பவர்களுக்கு, அசைவுகளைவிட இந்த அளவுக் கணக்கே பெரிய உதவி என்பது என் கருத்து.

பலன் எவ்வளவு என்றால், மிதமானது. அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரைகளுக்கு முன்பாக உடற்பயிற்சி, யோகம், தாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி, கவனத் தியானம் போன்றவற்றை முயலச் சொல்கிறது; ஆனால் அதற்கான சான்றுகள் குறைந்த தரம் முதல் நடுத்தரம் வரையிலானவை என்றும் ஒளிக்காமல் கூறுகிறது. என் வலி முற்றிலும் போய்விடவில்லை. தஞ்சாவூர் வரை பேருந்தில் உட்கார்ந்து சென்று, இறங்கியதும் கம்பியைப் பிடிக்காமல் நடக்க முடிகிறது. இரவில் புரண்டு படுக்கும்போது விழிப்பு வருவது குறைந்திருக்கிறது. வழக்கமாகச் சாப்பிட்டுவந்த வலி மாத்திரை, மருத்துவரைக் கேட்டுக் குறைத்ததில், எப்போதாவது என்ற நிலைக்கு வந்துள்ளது. நான் பணம் கட்டியது இவற்றுக்காகத்தான் என்பதால் எனக்குக் குறையில்லை.

குறை இருப்பது வேறு இடங்களில். முதுகு வலிக்காரர்கள் வரும் வகுப்பை லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாவது மாடியில் வைத்திருப்பதற்கு என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்க முடியவில்லை. முழங்கால் வலியும் சேர்ந்தவர்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் நின்று இளைப்பாறுவதை வகுப்புக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். வாசலில் தொங்கும் ‘டிஸ்க் பிரச்சினை 30 நாளில் குணம்’ என்ற பதாகை, உள்ளே ஆசிரியை பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதற்கு நேர் எதிரானது. பணம் வாங்கும் மேசையில் இடுப்பு பெல்ட்டும் அடுக்கி விற்கிறார்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கும் அதே ஆவணத்தில், பெல்ட் போன்ற சாதனங்களை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்று கூறுகிறது. இதை நிர்வாகியிடம் சொன்னேன். கேட்பவர்கள் இருப்பதால் வைத்திருக்கிறோம் என்றார்.

முதல் ஆலோசனைக்கு 500 ரூபாய், வாரம் மூன்று வகுப்புகளுக்கு மாதம் 2,400 ரூபாய் வாங்குகிறார்கள். பாயும் போர்வையும் அவர்களே தருகிறார்கள், துவைத்துத்தான் தருகிறார்கள். தலைக்கு வைக்கச் சிறு துண்டு மட்டும் நாம் எடுத்துச் செல்ல வேண்டும். அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும், விழுந்து அடிபட்டவர்களையும் இவர்கள் சேர்ப்பதில்லை. ஹலாசனம், சிரசாசனம் எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. காலை ஆறரை மணி வகுப்பில் எட்டுப் பேருக்கு மேல் இருப்பதில்லை என்பதால் ஆசிரியை ஒவ்வொருவரின் மூச்சையும் கவனிக்கிறார். மாலை வகுப்பில் கூட்டம் இருமடங்காகி அந்தக் கவனிப்பு பாதியாகிவிடுகிறது. சேர்வதானால் காலை வகுப்பைக் கேட்டு வாங்குங்கள், இடம் இல்லையென்றால் அது கிடைக்கும் மாதம் வரை காத்திருங்கள்.