கிராப் செய்த பிறகு எத்தனை பிக்சல் மிச்சம்? ஆறு வருடப் பழக்கத்தில் கண்டது

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு கலியாணம். தாலி கட்டி முடிந்ததும் பெண்ணின் அம்மம்மா பேத்தியின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். நான் மண்டபத்தின் பின்பக்கம் மாட்டிக்கொண்டிருந்தேன், கேமராவில் 50 மிமீ லென்ஸ். முன்னால் போக வழியில்லை, நின்ற இடத்திலிருந்தே எடுத்தேன். இரவு படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் திறந்து, அம்மம்மாவின் முகமும் கையும் மட்டும் வரும்படி கிராப் செய்தபோது, அதாவது ஓரங்களை வெட்டியபோது, திரையில் அவ்வளவு அழகாக இருந்தது. வீட்டார் 12×18 அங்குலத்தில் கேட்டார்கள், பிரிண்ட் போடும் லேப்புக்கு அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் அங்கிருந்து அண்ணா ஒருவர் அழைத்தார்.

"தம்பி, இதைப் பெருசாப் போட ஏலாது. மூக்குத்திக் கல்லைப் பாரும், கரைஞ்சு போய்க் கிடக்கு."

சோதனைப் பிரிண்ட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். கல் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு பூச்சு, நெற்றித் திருநீற்றின் மூன்று கோடும் ஒன்றாகக் கலந்திருந்தது. என் கேமரா தருவது 6000×4000, அதாவது 24 மெகாபிக்சல். அந்தக் கிராப்பில் மிஞ்சியது 2100×1400தான். அதை 18 அங்குலத்துக்கு விரித்தால் ஓர் அங்குலத்துக்கு 117 பிக்சல்கூட வராது. லேப்பில் வழக்கமாகக் கேட்பது 300.

ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை? ரோ கோப்பை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படம்) திருத்தும் மென்பொருள்கள் பெரும்பாலும், கிராப்பை முடித்தவுடன் மிச்சப் படத்தைத் திரை நிறையும்படி பெருப்பித்துக் காட்டும். முழுப் படமும் அதே அகலம், கால்வாசிப் படமும் அதே அகலம். என் திரையின் அகலம் 1920 பிக்சல், அதற்கு 2100 தாராளம். 12×18க்கு வேண்டிய 5400 (18×300) என்பதைத் திரை எப்படிச் சொல்லும்?

இன்னொரு பொறியும் இருந்தது. எக்ஸ்போர்ட்டில், அதாவது திருத்திய படத்தை ஜேபெக்காக வெளியே எடுக்கும் இடத்தில், நீளப் பக்கம் 5400 என்று நிரந்தரமாக வைத்திருந்தேன், 'டோன்ட் என்லார்ஜ்' (பெரிதாக்காதே) பெட்டியில் டிக் இல்லை. அதனால் வெளியே வந்த ஜேபெக்கின் அளவைப் பார்த்தால் 5400×3600 என்று ஒழுங்காகத்தான் இருந்தது. அது கேமரா பிடித்த விவரம் அல்ல, மென்பொருள் இட்டு நிரப்பியது. ஆகவே அளவை எக்ஸ்போர்ட்டுக்கு முன்னரே பார்க்க வேண்டும். முடிந்த கோப்பில் பார்ப்பதில் பயனில்லை.

லைட்ரூமில் வழி சுலபம். லைப்ரரியில் கன்ட்ரோல்+ஜே அழுத்தி, லூப் வியூ பகுதியில் 'கிராப்டு டைமென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தால் படத்தின் இடது மேல் மூலையில் மிச்ச அளவு வந்து நிற்கும். ஐ விசையால் காட்டலாம், மறைக்கலாம். நான் மறைப்பதே இல்லை.

பணம் கட்டாமல் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு என் முதல் தேர்வு ரோதெரபி என்ற இலவச மென்பொருள். கிராப்பின் அகலமும் உயரமும் எண்களாகவே பெட்டியில் இருக்கும், நாமே தட்டச்சும் செய்யலாம். பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்) 300 என்று கொடுத்தால் பிரிண்ட் எத்தனை சென்டிமீட்டர், எத்தனை அங்குலம் என்றும் அங்கேயே தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற எதையும்விட அது நேர்மையாக இருக்கிறது என்பது என் கருத்து. அதன் ரீசைஸ் (அளவு மாற்றும்) பகுதியில் மட்டும் கவனம்: அளவு கிராப் செய்த பகுதிக்கா, முழுப் படத்துக்கா என்று ஒரு தேர்வு உண்டு. மாறி இருந்தால் கணக்கு முழுதும் பிழையாகிவிடும். இன்னொரு இலவச மென்பொருளான டார்க்டேபிளையும் சில மாதம் பாவித்தேன். படத் தகவல் பகுதியில் எக்ஸ்போர்ட் அகலமும் உயரமும் கிடைக்கும், போதுமானது.

அப்புறம், கிராப் என்று நாம் நினைக்காத ஒன்று: படத்தை நிமிர்த்துவது. காலிமுகத்திடலில் எடுத்த படத்தில் கடல் சரிந்திருந்தால் இரண்டு பாகை திருப்புவோம். 6000×4000 அப்போதே ஏறக்குறைய 5700×3800 ஆகிவிடும், பத்தில் ஒரு பங்கு பிக்சல் போய்விட்டது. அதன் மேல் இன்னொரு கிராப் வந்தால் எண்ணைப் பார்க்காமல் நகரக்கூடாது.

போன ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில் தேர் புறப்படும்போது எடுத்த படம் ஒன்றை, தெரிந்த அக்கா ஒருவர் பெரிதாகக் கேட்டார். மூலையில் 3480×2320 என்று நின்றது. "அக்கா, 8×12 போடுவோம், அதுக்கு மேல வேண்டாம்" என்று அப்போதே சொல்ல முடிந்தது.

அம்மம்மாவின் படத்துக்கு வருகிறேன். ரோ கோப்பில் கிராப் எதையும் அழிப்பதில்லை, அதுதான் காப்பாற்றியது. மறுபடி திறந்து, கிராப்பைத் தளர்த்தி, பெண்ணின் குனிந்த முகமும் பக்கத்துக் குத்துவிளக்கும் உள்ளே வரும்படி வைத்தேன். 4200×2800. 12×18இல் அங்குலத்துக்கு 233. லேப் அண்ணாவிடம் கேட்டேன், "இது காணும் தம்பி, தாரும்" என்றார். இந்த முறை மூக்குத்தியில் கல் கல்லாகவே இருந்தது.