ஹஃப்மன் அணை: தண்ணீரே நிற்காத அணைக்கு நாலரை நட்சத்திரம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் பக்கம் வருகிற நம்மவர்கள் நேரே விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போவார்கள், நாள் முழுக்கச் சுற்றுவார்கள், கால் வலியோடு வெளியே வந்து இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று ஃபோனில் தேடுவார்கள். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரத்தில்தான் ஹஃப்மன் அணை. அதையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்களில் பலர் "என்னங்க, ஒரு நீள மண்மேடு, நடுவில் கான்கிரீட், கீழே சின்னதா ஒரு ஆறு, தண்ணியே இல்லை" என்று அலுத்துக்கொள்கிறார்கள். மேட்டூர் அணையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் இந்த அணை காலியாக இருப்பதற்காகவே கட்டப்பட்டது. இதில் தண்ணீர் தேங்கி நின்றால் மேலே எங்கேயோ பலத்த மழை என்று அர்த்தம்.

மேட் ஆற்றின் குறுக்கே 65 அடி உயரம், சுமார் 3,340 அடி நீளத்துக்கு மண் கரை. நடுவில் கான்கிரீட் அமைப்பு, அதன் அடியில் மூன்று திறப்புகள். சாதாரண நாளில் ஆறு பாட்டுக்கு அந்தத் திறப்புகள் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும், அணை இருப்பதையே அது கண்டுகொள்ளாது. வெள்ளம் வரும்போதுதான் விஷயமே. கீழே டேட்டன் நகருக்குள் ஆற்றுப்படுகை எவ்வளவு தாங்குமோ அந்தக் கணக்குக்குத் தகுந்த அளவில்தான் திறப்புகளை வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் வருகிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கரைக்குப் பின்னால் வயல்வெளியில் ஏறி நிற்கும், மழை விட்டதும் தானாக வடியும். சமையலறைத் தொட்டியில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் அடியில் இருக்கிற ஓட்டை தன் வேகத்துக்குத்தான் வடிக்கும், மீதி தொட்டியில் ஏறும் இல்லையா, அதேதான். ஷட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது, எத்தனை கன அடி திறக்கலாம் என்று நள்ளிரவில் மேலதிகாரியின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதும் கிடையாது. மின்சாரம் போனாலும் சரி, ஆபரேட்டர் தூங்கிவிட்டாலும் சரி (ஆபரேட்டரே இல்லை என்பது வேறு விஷயம்), தன் வேலையைச் செய்துவிடும். எனக்கு இந்த அணையில் மிகவும் பிடித்தது இதுதான்.

இவ்வளவு யோசித்துக் கட்டியதற்குக் காரணம் 1913 மார்ச் வெள்ளம். ஈஸ்டர் ஞாயிறு அன்று தொடங்கிய மழை, ஏற்கெனவே ஈரம் ஊறிப்போயிருந்த மண்ணில் நாள்கணக்கில் கொட்டியது. 25ஆம் தேதி டேட்டனில் ஆற்றங்கரைத் தடுப்புகள் உடைந்தன, நகரின் மையத்தில் சில இடங்களில் 20 அடி வரைக்கும் தண்ணீர், போதாததற்கு எரிவாயுக் குழாய்கள் உடைந்து தீ வேறு. டேட்டனைச் சுற்றிய மயாமி பள்ளத்தாக்கு (ஃபுளோரிடா மயாமி இல்லை) முழுவதும் சேர்த்து 360 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜனங்கள் பரண்களிலும் கூரைகளிலும் ஏறி உயிர் தப்பினார்கள். அப்புறம் அணை கட்ட நிதி திரட்டியபோது வைத்த முழக்கமே "பரணில் இருந்தபோது செய்த சத்தியத்தை மறக்காதீர்கள்" என்பதுதான். அதைக் கேட்டு உள்ளூர்க்காரர்கள் 20 லட்சம் டாலருக்கு மேல் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். ஆர்தர் மார்கன் என்ற பொறியாளரைப் பிடித்தார்கள், 1914இல் மாநிலச் சட்டசபையில் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், அடுத்த வருஷம் மயாமி கன்சர்வன்சி டிஸ்ட்ரிக்ட் என்ற வெள்ளத் தடுப்பு அமைப்பு உருவானது. 1918இல் தொடங்கி 1922க்குள் ஹஃப்மன், எங்கிள்வுட், டெய்லர்ஸ்வில், ஜெர்மன்டவுன், லாக்கிங்டன் என்று ஐந்து மண் அணைகள். மத்திய அரசின் பணம் ஒரு காசு வாங்கவில்லை. 1913இல் வந்ததைவிட 40 சதவீதம் கூடுதலான வெள்ளம் வந்தாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது.

கட்டின விதமும் சுவாரசியம். மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டி ரோலர் ஓட்டி இறுக்குவதுதான் இன்றைக்கு வழக்கம். இங்கே மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாகக் கரைக்குப் பாய்ச்சியிருக்கிறார்கள். கனமான சரளையும் மணலும் இரண்டு ஓரங்களிலும் முதலில் படிந்துவிடும், நைசான களி நடுவில் போய்த் தங்கும். வெளியே பாரம், உள்ளே தண்ணீர் ஊடுருவாத களிமண் சுவர், இரண்டும் ஒரே வேலையில் கிடைத்துவிடுகிறது. நூறு வருஷம் தாண்டிவிட்டது, ஐந்தில் ஒன்றுகூட உடையவில்லை. ஐந்தும் சேர்த்து 2,000 தடவைக்கு மேல் வெள்ளத்தைப் பிடித்து வைத்து விட்டிருக்கின்றன, பெரும்பாலும் ஊருக்குள் யாருக்கும் தெரியாமலே.

சரி, இதற்கு விலை கொடுத்தது யார் என்று பார்த்தால் முதலில் வருவது ஆஸ்பர்ன் என்ற ஊர். அணைக்குப் பின்னால் வெள்ளம் ஏறி நிற்கும் பரப்பில் மாட்டிக்கொண்டது. ஊரையே மயாமி கன்சர்வன்சி டிஸ்ட்ரிக்ட் விலைக்கு வாங்கிவிட்டது, ஊர்க்காரர்கள் சும்மா போகவில்லை, ஒரு கம்பெனி தொடங்கித் தங்கள் வீடுகளைத் திரும்ப வாங்கி, அடித்தளத்திலிருந்து தூக்கி, சில மைல் தள்ளி மேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். சுமார் 400 வீடுகள்! 1950இல் அந்த ஊரும் பக்கத்து ஃபேர்ஃபீல்டும் ஒன்றாகி ஃபேர்போர்ன் ஆனது. ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் படிக்க வருகிற நம் பிள்ளைகளில் சிலர் வாடகைக்கு இருப்பது அந்த ஊரில்தான், பழைய தெருக்களில் இருக்கிற மர வீடுகளில் எத்தனை இப்படி நகர்ந்து வந்தவை என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ரைட் சகோதரர்கள் 1904, 1905இல் பறந்து பழகிய ஹஃப்மன் புல்வெளியும் இதே வெள்ளப் பரப்பில்தான் இருக்கிறது. பக்கத்து மேட்டில் 1940இல் திறந்த அவர்கள் நினைவுச்சின்னம் இருக்கிறது, திறப்பு விழாவுக்கு ஆர்வில் ரைட்டே வந்திருந்தார். முதலில் அங்கே போய்விடுங்கள், புல்வெளியும் அணையும் ஒரே பார்வையில் கிடைக்கும். கீழே அணைப் பக்கம் நின்றுகொண்டு பார்த்தால் எது எங்கே நிற்கும், தண்ணீர் எவ்வளவு தூரம் ஏறும் என்பது சத்தியமாகப் புரியாது.

இனி நடைமுறை. அணையை ஒட்டிய பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. சின்ன ஏரி ஒன்று இருக்கிறது, மீன் பிடிக்கலாம், ஆனால் ஒஹாயோ லைசன்ஸ் இல்லாமல் தூண்டிலைத் தொடாதீர்கள். சைக்கிள் பாதை நன்றாக இருக்கும். கரையில் மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது, வெறும் புல்தான், ஜூலை மதியத்தில் போனால் மண்டை காயும். அது அலட்சியம் இல்லை. மரத்தின் வேர் செத்து மட்கினால் அந்தத் துளை வழியாகவே தண்ணீர் கசிந்து கரையை அரிக்கும், அதனால் மண் கரையில் மரம் வளர விடமாட்டார்கள். வளை தோண்டுகிற பிராணிகளோடு போராட்டமும் அதற்காகத்தான். டீக்கடை, தின்பண்டம் எதுவும் இல்லை, நெடுஞ்சாலைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். குழந்தைகளை வெளிவாய்ப் பக்கம், அதாவது திறப்புகளிலிருந்து தண்ணீர் வெளியே வருகிற இடத்துக்கு, விடவே விடாதீர்கள். திறப்பிலிருந்து வரும் தண்ணீரின் வேகத்தை அடக்க அங்கே படிகளும் குளம் மாதிரி ஓர் அமைப்பும் உண்டு, பார்க்க அமைதியாகத் தெரியும், உள்ளே சுழல்.

பணம் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. பூங்கா இலவசம், பாதுகாப்பு இலவசம் இல்லை. வெள்ளத்திலிருந்து தப்பும் மனைகளின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் அவரவர் மனைக்குக் கிடைக்கிற பலனைக் கணக்கிட்டு மயாமி கன்சர்வன்சி டிஸ்ட்ரிக்ட் வசூலிக்கிறது. 2024இல் மதிப்பீட்டைப் புதுப்பித்து அந்தத் தொகையை ஏற்றப் போகிறோம் என்று சொன்னதும் டேட்டனுக்குக் கீழே ஆற்றோரம் இருக்கிற ஹாமில்டன், மிடில்டவுன் ஊர்க்காரர்களெல்லாம் கொதித்துவிட்டார்கள், கடைசியில் நிறுத்திவைத்தார்கள். நான் வாடகைக்கு இருப்பவன், எனக்கு நேரடி பில் வராது, அதனால் சுலபமாகப் பேசுகிறேன் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லுங்கள். ஆனால் நூறு வருஷத்து கான்கிரீட்டைப் பழுது பார்க்கக் காசு வேண்டும், அதை எங்கிருந்தாவது எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரே அடியாகப் பல மடங்கு ஏற்றினால் ஓய்வூதியத்தில் வாழ்கிற கிழவி என்ன செய்வாள் என்ற கேள்வியும் நியாயம்தான். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இவ்வளவு ரகளை வந்திருக்காது. அரை நட்சத்திரத்தை அதற்காகத்தான் பிடித்துக்கொண்டேன்.

போவதென்றால் கோடையைவிடப் பனி உருகி மழையும் சேர்கிற மார்ச், ஏப்ரல் சரியான காலம், இரண்டு நாள் நல்ல மழைக்கு அப்புறம் போனால் அணை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வாய்ப்பு உண்டு. அப்போது தாழ்வான பாதைகளை மூடியிருப்பார்கள், தடுப்பைத் தாண்டிப் போகாதீர்கள். நினைவுச்சின்ன மேட்டிலிருந்தே எல்லாம் தெரியும், குளிர்காற்று மட்டும் பயங்கரமாக அடிக்கும், குல்லாய் இல்லாமல் போக வேண்டாம்.